மினியேச்சருக்கு எந்தப் பிரைமர்? ஸ்ப்ரே கேன், ஏர்பிரஷ், தூரிகை: ஓர் ஒப்பீடு

பெயிண்ட் செய்து முடித்த சிப்பாயைக் கையில் எடுத்தால் வாள் முனையில் உலோகம் பளிச்சென்று தெரிகிறது. நிறம் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரித்தால் பெயிண்டும் கூடவே வருகிறது. பூசி ஒரு வாரம் ஆகியும் தொட்டால் விரல் ஒட்டுகிறது. மினியேச்சர் எனும் சின்ன உருவ மாடல் வேலையில் இறங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் புலம்பல் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அடுத்து வரும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அப்போ எந்தப் பிரைமர் வாங்கட்டும்?"

பிரைமர் என்பது பெயிண்ட் பிடித்து நிற்பதற்காக அதற்கு முன் பூசும் அடிப்பூச்சு. ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. நல்ல பெயர் வாங்கிய பிரைமர்கள் எல்லாமே, அவை கேட்கும் சூழல் கிடைத்தால், நன்றாகவே பிடிக்கின்றன. ஒன்று வறண்ட காற்றைக் கேட்கும். ஒன்று இரண்டு நாள் பொறுமையைக் கேட்கும். இன்னொன்று ஆவியை வெளியேற்றும் வசதியைக் கேட்கும். உங்களால் எதைக் கொடுக்க முடியும் என்று பார்த்தால் தேர்வு பாதி முடிந்துவிடும். மீதிப் பாதியை மாடல் எந்தப் பொருளால் ஆனது என்பது முடிவு செய்யும்.

## எதை வைத்து எடைபோடுவது?

மாடலின் பொருள். பெட்டியில், பாகங்களைப் பிடித்திருக்கும் சட்டத்தோடு வரும் கெட்டிப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பெயிண்ட் பிடிக்க இதைவிட இணக்கமான பொருள் கிடைக்காது. வார்த்தெடுத்த ரெசின் பாகங்களில் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய வழுக்குப் பொருள் மிச்சமிருக்கும். வெள்ளீயக் கலவையில் வார்த்த உலோக உருவங்கள் வழவழப்பானவை. பெயிண்ட் பற்றிக்கொள்ள அங்கே பிடி குறைவு. போர்டு கேம் பெட்டிகளில் வரும் வளையும் பொம்மைகள் பெரும்பாலும் மென்மையான பிவிசி. அதை வளையச் செய்யும் ரசாயனம் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். முப்பரிமாண அச்சில் வந்த ரெசினோ, சரியாகக் கழுவி புற ஊதா ஒளியில் இறுக்கியிருந்தால் சாது, இல்லையென்றால் தலைவலி.

பிடிமானம் எப்படி வருகிறது. சில பிரைமர்களின் கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாக இளக்கி அதோடு கலந்துவிடும். லாக்கர் வகை இப்படித்தான் பிளாஸ்டிக்கைக் "கடிக்கிறது". வேறு சில, மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோலாகப் படிந்து, நுண்ணிய சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். தண்ணீர் வகை அக்ரிலிக் இந்த ரகம். முதல் வகை உரசலில் தேயும். இரண்டாவது வகை தோற்றால் தோலாக உரியும்.

இறுகும் நேரம். காய்வது வேறு, இறுகுவது வேறு. இதைத் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

நுணுக்கம். கண் இமை, சங்கிலி வளையம், துணி மடிப்பு. பிரைமர் இவற்றை மூடிவிட்டால் பிறகு எவ்வளவு திறமையாகப் பெயிண்ட் செய்தாலும் திரும்பி வராது.

இடமும் மூச்சும். ஜன்னல் உள்ள அறையா, மூடிய அறையா, வெளியில் போய் அடிக்க முடியுமா, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா.

மறைசெலவு. பிரைமர் பாட்டிலின் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். நேரம், சுத்தம் செய்யும் திரவம், வடிகட்டி, கெட்டுப்போன மாடல் எல்லாமே கணக்கில் வர வேண்டும்.

## எந்தப் பிரைமராக இருந்தாலும்

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு விஷயம். கழுவாத மாடலில் எந்தப் பிரைமரும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம், பழைய பல் துலக்கி, இவ்வளவு போதும். வெந்நீர் வேண்டாம், மெல்லிய ரெசின் பாகங்கள் சூட்டில் வளையும். நன்றாக அலசி, ஓர் இரவு காயவிடுங்கள். அதன்பின் விரலால் தொடாதீர்கள். அடியில் ஒரு தக்கையோ கட்டையோ ஒட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலின் எண்ணெய்ப்பசை ரேகையாகப் பதிந்த இடத்தில்தான் பெயிண்ட் முதலில் விடும்.

உலோகம் என்றால் கழுவியபின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். பெரிய வழவழப்பான பரப்புகளில் நைஸ் உப்புத்தாளை லேசாக ஓட்டுங்கள். முப்பரிமாண அச்சில் வந்ததைக் கையுறை போட்ட விரலால் தடவும்போது பிசுபிசுவென்று இருந்தாலோ, பள்ளங்களில் ஈரமாகப் பளபளத்தாலோ இன்னும் ரெசின் இறுகவில்லை என்று அர்த்தம். மறுபடி ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, ஒளியில் வையுங்கள். உள்ளே குழிவான மாடலுக்கு வடிகால் துளை இருந்தே ஆக வேண்டும். உள்ளே சிக்கிய திரவ ரெசின் சில மாதம் கழித்து வெடிப்பு வழியாகக் கசிந்து வந்தால் எந்தப் பிரைமராலும் காப்பாற்ற முடியாது.

## காய்ந்தது வேறு, இறுகியது வேறு

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம். நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை என்பது இறுகியதற்கு அடையாளம். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரமும் இருக்கலாம், சில நாட்களும் இருக்கலாம்.

லாக்கர், கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே கெட்டிப்படுகிறது. அதனால் வேகம். ஆனால் தடிமனாக அடித்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு, அடியில் உள்ள கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நிற்கும். எனாமல் என்ற எண்ணெய் வகைப் பெயிண்ட், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலைபோலப் பின்னிக்கொள்வதால் இறுகுகிறது. அதற்கு நாட்கள் தேவை. தண்ணீர் வகை அக்ரிலிக்கில் தண்ணீர் போனபின் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, உருகிச் சேர்ந்து ஒரே படலமாக வேண்டும். குளிரில் இந்தச் சேர்க்கை அரைகுறையாக நின்றுவிடும். பார்வைக்குக் காய்ந்தது போலவே இருக்கும். தேய்த்தால் பொடியாக வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பீரங்கி வண்டியில். தண்ணீர் வகை பிரைமர் அடித்து, மூன்று மணி நேரத்தில் அடிப்படைப் பச்சையும் அடித்து, அன்று மாலையே உருமறைப்புப் பட்டைகளுக்காக டேப் ஒட்டினேன். டேப்பை உரித்தபோது ஓரத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் பச்சையும் அதன் அடியில் சாம்பல் பிரைமரும் சேர்ந்து, பாம்புச் சட்டை போல, ஒரே துண்டாக உரிந்து வந்தன. கீழே பிளாஸ்டிக் சுத்தமாக, ஒரு கறைகூட இல்லாமல் மின்னியது. ஒரு துளிகூட அதில் பிடித்திருக்கவில்லை. அதே பிரைமரை, கழுவிய மாடலில் அடித்து, இரண்டு நாள் விட்டுவிட்டு டேப் ஒட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. பிரைமரின் மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாடலின் பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் கழுவி, மாடலுக்கு அடிக்கும்போதே அதற்கும் பிரைமர் அடியுங்கள். பிறகு தட்டையான ஓர் இடத்தில் கூரான பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு. மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் மாடலில் டேப் ஒட்டலாம். கட்டங்கள் டேப்போடு வந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பெயிண்ட் தொழிலில் ஐஎஸ்ஓ 2409 என்ற தரத்தின்படி செய்யும் குறுக்கு வெட்டுச் சோதனையின் வீட்டு வடிவம் இது. அங்கே கட்டங்கள் சேதமின்றி இருந்தால் 0, மோசமாகப் பெயர்ந்தால் 5.

லாக்கருக்கும் எனாமலுக்கும் மூக்கே நல்ல கருவி. மாடலை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் கரைப்பான் வாடை வருகிறதா? அப்படியென்றால் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

## ஸ்ப்ரே கேன்

பிடிமானம்: மினியேச்சருக்கென்று வரும் ஸ்ப்ரே கேன்கள் பெரும்பாலும் கரைப்பான் வகை. பாலிஸ்டைரீனிலும் உலோகத்திலும் ரெசினிலும் நன்றாகப் பிடிக்கும். தமியா ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர் போன்றவை படலம் மெல்லியதாக விழுவதால் நுணுக்கத்தையும் காப்பாற்றும்.

இறுகும் நேரம்: தொடுவதற்கு அரை மணிக்குள். பெயிண்ட் பூச இரண்டு மூன்று மணி நேரம். நான் ஓர் இரவு விட்டுவிடுவேன்.

சூழல்: இதன் பலவீனம் எல்லாம் இங்கேதான். ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வெளிறிய மூட்டம் போல நிற்கும். மிகவும் வறண்டு சூடான நாளிலோ, தூரத்திலிருந்து அடித்தாலோ, துளிகள் மாடலைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடும். விளைவு, உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு. முகத்தில் அது விழுந்தால் அந்த உருவம் போனது போலத்தான்.

கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம். மாடலுக்கு வெளியே தொடங்கி, மாடலைக் கடந்து போய், வெளியே நிறுத்த வேண்டும்; மாடலின் மேலேயே தொடங்கினால் முதல் துப்பல் அதன்மேல் விழும். ஒரே தடவையில் மூடிவிட நினைக்காமல் மூன்று மெல்லிய பூச்சாகப் போங்கள். குளிர்ந்த நாளில் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் துளி நைசாகும். கொதிநீரோ அடுப்போ கூடாது, வெடிக்கும்.

மறைசெலவு: கேனிலிருந்து வெளியே வருவதில் பெரும்பகுதி காற்றில் போகிறது. கேன் தீரும் தருவாயில் அழுத்தம் குறைந்து துப்பத் தொடங்கும், அதனால் கடைசிக் கொஞ்சத்தை நல்ல மாடலில் அடிக்கவே கூடாது. அடித்து முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்தாவிட்டால் கேனின் மூக்கு அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, நல்ல நாளுக்காகக் காத்திருப்பது. அப்புறம், ஒரு கேன் தவறினால் ஓர் உருவம் மட்டும் கெடாது; வரிசையாக நிற்கவைத்த பத்தும் சேர்ந்து கெடும். அதனால் புதிய கேன் என்றால் முதலில் சட்டத்தில் அடித்துப் பாருங்கள்.

எப்போது இதுவே நல்லது: மேசை விளையாட்டுக்கான பெரிய படை, ஒரே நிறம், வெளியே போய் அடிக்க இடம், வறண்ட நாள். இருபது முப்பது உருவங்களை ஒரு மணி நேரத்தில் முடிக்க அழுத்தக் காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் கருவிகூட இதற்கு ஈடாகாது.

## ஏர்பிரஷில் லாக்கர் பிரைமர்

பிடிமானம்: நான் பார்த்ததில் இதுதான் மிக உறுதியானது. மிஸ்டர் சர்ஃபேசர் வரிசையில் 500, 1000, 1200, 1500 என்று எண்கள் இருக்கும். எண் கூடக் கூடத் துகள் நைசாகும், உப்புத்தாள் எண் போலவே. கீறலை நிரப்ப 500. முகமும் துணி மடிப்பும் உள்ள உருவத்துக்கு 1500. காய்ந்தபின் உப்புத்தாளில் தேய்த்தால் பொடியாக வரும், தோலாக உரியாது. பெயிண்ட் கடைசிவரை சீராக வர வேண்டிய கார், விமான மாடல்களுக்கு இந்த ஒரு குணமே போதும்.

இறுகும் நேரம்: மெல்லிய பூச்சு பத்து நிமிடத்தில் தொடலாம். சில மணி நேரத்தில் டேப் ஒட்டுபவர்கள் உண்டு. நான் ஓர் இரவு கொடுக்கிறேன்.

சூழல்: தின்னர் என்பது பிரைமரை நீர்க்கச் செய்யும் திரவம்; லெவலிங் தின்னர் என்று விற்பதில் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்திருக்கும். அதனால் பூச்சு தானாகச் சமமாகப் பரவ நேரம் கிடைக்கும். ஈர நாளில் வெளிறிய மூட்டமும் குறையும். ஒரு பங்கு பிரைமருக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர் கலந்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்கலாம். ஈரமாக வழியும் அளவுக்கு அடிக்காதீர்கள். பாலிஸ்டைரீனைக் கடிக்கும் அதே குணம், தேங்கி நின்றால் நுண்ணிய ஆணித்தலைகளை இளக்கிவிடும்.

மறைசெலவு: இங்கேதான் உண்மையான கணக்கு. ஏர்பிரஷ், கம்ப்ரஸர், தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி, ஆவியை வெளியே தள்ளும் பெட்டி, முகமூடி. முகமூடி என்றால் கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர். தூசிக்கான சாதாரண முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அந்த வடிகட்டிகள் உறையைப் பிரித்ததிலிருந்தே காற்றில் உள்ள ஆவியை உறிஞ்சத் தொடங்கும், ஆகவே வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள், வாடை உள்ளே வந்தால் உடனே மாற்றுங்கள். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். காற்று வெளியேற்றும் விசிறியின் மோட்டார் ஆவிப் பாதையில் தீப்பொறி விடாத வகையாக இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்துவைத்து லாக்கர் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். மாடலைவிட நுரையீரல் முக்கியம்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சரியாக இறுகாத அக்ரிலிக்கின் மேல் லாக்கர் அடித்தால் கீழே உள்ளது சுருங்கி மடியும். வலுவான கரைப்பான் கீழே, மென்மையானது மேலே என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எப்போது இதுவே நல்லது: உலோக உருவம், பித்தளைத் தகடு பாகங்கள், காட்சிக்கு வைக்கும் மாடல், தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டிய கார். வசதியான இடம் இருந்தால் மட்டும்.

## ஏர்பிரஷில் தண்ணீர் வகை அக்ரிலிக் பிரைமர்

பிடிமானம்: வல்லெஹோ சர்ஃபேஸ் பிரைமர் போன்றவை அக்ரிலிக்கும் பாலியூரிதேனும் கலந்தவை. கடிக்காது, போர்த்தும். போர்வை முழுதாக இறுகிவிட்டால் நெகிழ்வாக இருக்கும்; வளையும் ஈட்டி, மெல்லிய கொடி போன்றவற்றில் லாக்கர் விரிசல் விடும் இடத்தில்கூட இது நிற்கும். ஆனால் ஓர் ஓரம் கிளம்பிவிட்டால் பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். பெரும்பாலானவற்றை உப்புத்தாளில் தேய்க்க முடியாது, ரப்பர் போலச் சுருளும். பேட்ஜர் நிறுவனத்தின் ஸ்டைனில்ரெஸ் தேய்க்கக்கூடிய வகை என்று பெயர் பெற்றது.

இறுகும் நேரம்: தூரிகையால் பெயிண்ட் பூச ஒரு நாள். டேப் ஒட்ட இரண்டு நாள். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது, என் பீரங்கி வண்டியே சாட்சி. காய்கறி உலர்த்தும் மின்பெட்டியில் 40 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து வேகப்படுத்துபவர்கள் உண்டு. கெட்டிப் பிளாஸ்டிக்குக்குச் சரி. மெல்லிய ரெசின் பாகங்களை அதில் வைக்கத் துணியாதீர்கள்.

சூழல்: நாற்றம் மிகக் குறைவு. வீட்டுக்குள் வேலை செய்பவருக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் பாலியூரிதேன் துகள் காற்றில் மிதக்கும், தூசி முகக்கவசம் கட்டாயம். ஈர நாளில் காய நேரமாகும், ஆனால் மூட்டம் விழாது. குளிரில்தான் கவனம் தேவை.

மறைசெலவு: ஊசி முனையில் காய்ந்து அடைத்துக்கொண்டே இருக்கும். அடிக்கடி நிறுத்தி முனையைத் துடைக்க வேண்டும். தாமதப்படுத்தும் திரவம் ஒரு துளி கலந்தால் கொஞ்சம் அடங்கும். 0.3 மில்லிமீட்டர் ஊசியைவிட 0.4, 0.5 சுலபம். வேலை முடிந்தவுடன் சுத்தம் செய்யாமல் விட்டால், உள்ளே இறுகியதை எடுக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். தண்ணீர் அதிகமாகக் கலந்தால் பிடிமானமே போய்விடும். அதற்கான தின்னரையே, அதுவும் அளவாகவே சேருங்கள்.

எப்போது இதுவே நல்லது: மூடிய வீடு, கழுவிய பாலிஸ்டைரீன், மென்மையான பிவிசி, கையால் அதிகம் தொடாத மாடல், இரண்டு நாள் பொறுக்கும் மனம்.

## தூரிகையால் பூசும் பிரைமர்

பிடிமானம்: இதுவும் போர்த்தும் வகைதான், மேலே சொன்ன குணங்கள் எல்லாம் பொருந்தும். தூரிகையின் உராய்வால் பள்ளங்களுக்குள் நன்றாக இறங்கும் என்பது ஒரு சின்ன அனுகூலம். ஸ்ப்ரே எட்டாத அக்குள், மேலங்கியின் உள்பக்கம், கேடயத்தின் பின்புறம் எல்லாம் இதற்கு எளிது.

இறுகும் நேரம்: ஒரு நாள், பிவிசியில் இரண்டு.

சூழல்: மழையோ குளிரோ, எந்த நாளும் மேசையில் உட்கார்ந்தபடி செய்யலாம். முகமூடி வேண்டாம்.

மறைசெலவு: நேரம்தான். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவே காயவிடுதல். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அரைகுறையாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மனம் பதறி அங்கேயே தடிமனாகப் பூசிவிட்டால் கண்ணும் வாயும் நிரம்பிவிடும். பள்ளத்தில் தேங்கியதை ஈரத் தூரிகையால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். நல்ல தூரிகையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், பிரைமர் மயிரின் அடிவரை போய்க் கெட்டியாகிவிடும். பழைய மெல்லிய செயற்கை மயிர்த் தூரிகை போதும்.

எப்போது இதுவே நல்லது: ஒன்றிரண்டு உருவங்கள், போர்டு கேம் பொம்மைகள், முதல் முயற்சி. எந்த முறையைப் பின்பற்றினாலும் விட்டுப்போன இடங்களைத் தொட்டு மூட இப்படி ஒரு பாட்டில் மேசையில் இருந்தே ஆக வேண்டும்.

## மற்றவை

ஓவியர்கள் கேன்வாஸுக்குப் பூசும் ஜெஸ்ஸோவைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். காயும்போது சுருங்கி நுணுக்கத்தை வெளிக்காட்டும் என்பது ஓரளவு உண்மை, ஆனால் உலோகத்திலும் வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் பிடிமானம் போதாது. கார் பட்டறைக்கான பிரைமர்களில் கரைப்பான் சில நேரம் பாலிஸ்டைரீனைச் சிதைக்கும் அளவுக்கு வலுவாக இருக்கும். கீறல் நிரப்பும் ரகமோ நுணுக்கத்தையும் நிரப்பிவிடும். உலோக உருவத்துக்கு மட்டும், அதுவும் சோதித்தபின்.

## ஒரே பார்வையில்

| | ஸ்ப்ரே கேன் | ஏர்பிரஷ் லாக்கர் | ஏர்பிரஷ் அக்ரிலிக் | தூரிகை |
|---|---|---|---|---|
| பாலிஸ்டைரீன் | நன்று | மிக நன்று | நன்று, கழுவியிருந்தால் | நன்று, கழுவியிருந்தால் |
| உலோகம் | நன்று | மிக நன்று | சுமார் | சுமார் |
| மென்மையான பிவிசி | ஆபத்து | ஆபத்து | நன்று | நன்று |
| நுணுக்கம் | அடிக்கும் கையைப் பொறுத்து | மிக நன்று | நன்று | கவனம் தேவை |
| பெயிண்ட் பூச | ஓர் இரவு | ஓர் இரவு | ஒரு நாள் | ஒரு நாள் |
| டேப் ஒட்ட | ஒரு நாள் | ஓர் இரவு | இரண்டு நாள் | இரண்டு நாள் |
| ஈர நாள் | வேண்டாம் | தின்னர் சரியாக இருந்தால் | மெதுவாகக் காயும் | மெதுவாகக் காயும் |
| மூடிய அறை | கூடாது | கூடாது | முகக்கவசத்தோடு | ஆம் |

பிவிசி பற்றிய "ஆபத்து" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். ஸ்ப்ரேயின் கரைப்பானும் பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் ரசாயனமும் கலந்தால் அந்தப் பிசுபிசுப்பு சில நேரம் காயவே காயாது. தூசி ஒட்டி, விரல் ரேகை பதிந்து, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எல்லா பிவிசியிலும் எல்லா கேனிலும் இப்படி ஆவதில்லை. எது ஆகும் என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், அடித்தே ஆக வேண்டும் என்றால் பீடத்தின் அடியில் அடித்து மூன்று நாள் விட்டுப் பாருங்கள்.

## சரி, நீங்கள் எதை எடுப்பது?

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் தூரிகை பிரைமர் ஒரு பாட்டில் வாங்கி முதல் ஐந்து உருவங்களை முடியுங்கள். ஏர்பிரஷுக்குப் போடும் பணத்தை அதுவரை தள்ளிப்போடுவதில் நஷ்டமில்லை. படை சேர்க்கத் தொடங்கியதும் ஸ்ப்ரே கேன். வீட்டுக்குள் மட்டுமே வேலை செய்ய முடியும், நிறைய செய்கிறீர்கள் என்றால் ஏர்பிரஷும் அக்ரிலிக்கும். உலோகமும் காட்சி மாடலும் உங்கள் பக்கம் என்றால், இடத்தையும் காற்றோட்டத்தையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு லாக்கருக்கு வாருங்கள். அந்த வரிசை மாறக் கூடாது.

உலோக உடல், பிளாஸ்டிக் கைகள் என்று கலந்து வரும் மாடலில், பிடிக்கக் கடினமான பொருள் எதுவோ அதற்கேற்ற பிரைமரைத் தேர்ந்தெடுங்கள். கார் பட்டறை பிரைமரைத் தவிர, உலோகத்தில் நிற்பது பாலிஸ்டைரீனிலும் நிற்கும்.

விளையாட்டில் நாளும் கையால் எடுத்து வைக்கும் உருவம் என்றால் பிரைமரோடு நிறுத்தாதீர்கள். கூரான விளிம்பில் எந்தப் பெயிண்டும் மெல்லியதாகவே நிற்கும், ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து பின்வாங்கிவிடும். வாள் முனையும் தலைக்கவசக் கொம்பும் முதலில் உரிவது அதனால்தான். பெயிண்ட் முழுதாக இறுகியபின் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. மேட் வார்னிஷ் ஸ்ப்ரேக்கும் ஈர நாள் ஆகாது, வெள்ளையாகப் பனி படிந்ததுபோல ஆகிவிடும்.

ஏற்கெனவே உரிந்துவிட்டதா? நகக்கண் அளவு இடம் என்றால், கிளம்பிய ஓரத்தைப் பிளேடால் வெட்டி எடுத்து, விளிம்பை நைஸ் உப்புத்தாளில் சரிவாகத் தேய்த்து, ஆல்கஹால் படாமல் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, தூரிகையால் பிரைமர் பூசுங்கள். ஆல்கஹால் சுற்றியுள்ள நல்ல அக்ரிலிக் பெயிண்டையும் கரைத்துவிடும். டேப் ஒட்டி இழுக்கும்போது சுற்றிலும் சேர்ந்தே கிளம்புகிறது என்றால் ஒட்டுவேலை பார்க்காதீர்கள். முழுவதையும் உரித்து, கழுவி, ஓர் இரவு காயவிட்டு, முதலிலிருந்து பிரைமர் அடியுங்கள். கூடவே ஒரு சட்டத் துண்டுக்கும்.